பகல் இரண்டு: திருப்பிப் படுக்க வைத்தேன்

அந்த வீட்டுக்கு நான் முதலில் போனது ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. தெருவின் கடைசி வீடு. பழைய கட்டடம், ஒரே தளம். முன்னால் இருந்த இரும்புக் கேட்டைத் தள்ளினால் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு கிறீச்சல். எனக்கு அது பிடித்துப்போனது. வீட்டுக்காரர்கள் திடீரென்று வந்து நின்றாலும் இரண்டு நிமிஷம் முன்னாலேயே தெரிந்துவிடும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாகப் பதினோரு வருஷம் ஓட்டியவளுக்கு இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படும்.

கதவைத் திறந்தவர் மகள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள். எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறவர்.

"வாங்க சிஸ்டர். ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நாலு நாள்தான் ஆகுது. எனக்கு ஒண்ணும் ஓடல. அம்மா உள்ள இருக்காங்க."

உள்ளே என்றால் கடைசி அறை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. பகலிலேயே டியூப்லைட் போட வேண்டும். பவுடர் வாசனை, மருந்து வாசனை, இரண்டுக்கும் அடியில் ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. கட்டிலில் அந்த அம்மா. அறுபத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

"ஆமாம்னா ஒரு தடவை கண்ணை மூடுவாங்க. இல்லன்னா ரெண்டு தடவை. அவ்வளவுதான் சிஸ்டர், எங்க பேச்சுவார்த்தை" என்று சிரிக்கப் பார்த்தார் டீச்சர். முடியவில்லை.

நான் என் சார்ட்டைக் கட்டில் கம்பியில் மாட்டினேன். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வெந்து புண்ணாகிவிடும். தலையைத் தூக்கி வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சி கொடுக்க வேண்டும். வாயைத் துடைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சார்ட்டில் ஒரு கட்டம். செய்ததும் ஒரு டிக்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து இனி என்ன ஆகப்போகிறது. அந்தக் கட்டங்களை நான் காலையிலேயே நிரப்பிவிடுவேன். வீட்டு ஆள் வாசலைத் தாண்டியதும் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு, எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் டிக். எங்கள் தொழிலில் நிறையப் பேர் இப்படித்தான். செய்யப்போகிற வேலைதானே, முன்னாலேயே எழுதினால் என்ன என்று ஒரு சமாதானம். பெரும்பாலும் செய்துவிடுவோம். சில நாள் இரண்டு மணி வேலை மூன்றரைக்கு நடக்கும். சில நாள் நடக்கவே நடக்காது. டிக் மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

கிளம்பும்போது டீச்சர் ஒரு டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை பிய்ந்து, தாள் பழுத்துப்போன டைரி. அந்த அம்மா முப்பது வயதில் எழுதியது. டீச்சருக்கு அப்போது மூன்று வயது.

"பழசெல்லாம் ஞாபகப்படுத்தினா பேச்சு வர வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னார். தினம் அன்னிக்குத் தேதி போட்ட பக்கத்தப் படிச்சுக் காட்டுங்க சிஸ்டர். நான் முழுசாப் படிக்கல. என்னைப் பத்தி எழுதியிருக்கிற இடத்த மட்டும் தேடித் தேடிப் படிச்சேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அன்று பத்து மணிக்கு ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன்.

'காலை 6: அத்தையைத் திருப்பிப் படுக்க வைத்தேன். 8: கஞ்சி. முழுவதும் குடித்தார். 10: வலப் பக்கம் திருப்பினேன். 12: கஞ்சி. முழுவதும் குடித்தார். 2: திருப்பிப் படுக்க வைத்தேன். 4: கஞ்சி. வாய் துடைத்தேன். 6: திருப்பினேன். 8: கஞ்சி. பால் இன்றும் தண்ணீர். பாப்பா என் செருப்பை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மீன் என்கிறாள். அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது.'

அத்தை என்றால் மாமியார். அதே வீடு, அதே கடைசி அறை. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட மருமகள் எழுதிய டைரி அது. அன்று பார்த்துக்கொண்டவர் இன்று அதே அறையில் படுத்திருக்கிறார். எனக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் ஒரே தொழில்காரி அல்லவா. பக்கத்து வீட்டு ரேடியோவைத் திட்டி ஒரு வரி, தையல் பிரிந்த ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வரி, மழை வரும் என்று நம்பித் துணியை உள்ளே போட்டு ஏமாந்ததைப் பற்றி ஒரு வரி. இன்னொரு பக்கத்தில், 'ராத்திரி அவர் டைரியை வாங்கிப் பார்த்தார். அம்மாவை நல்லாப் பார்த்துக்கறே என்றார். இரண்டு மாதத்தில் இன்றுதான் ஒரு நல்ல வார்த்தை.'

நான் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் சொன்னதும் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மாவுக்குப் புரியுது சிஸ்டர்! நிறுத்திடாதீங்க, தினமும் படிங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தவரைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் அது ஆரம்பித்தது.

பகல் ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு, முன்னறை நாற்காலியில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது இரண்டு மணி பத்து நிமிஷம். அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்த அந்த அம்மா, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். முதுகுக்கு அணையாக ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு சின்னத் தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் துணிச் சுருள். புடவையில் ஒரு மடிப்புக்கூட உடம்பை உறுத்தாத மாதிரி இழுத்துவிடப்பட்டிருந்தது. எனக்கே அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய வராது.

தூக்கக் கலக்கத்தில் நானே செய்திருப்பேன் என்று நினைத்தேன். பழகிய கை அல்லவா.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, பிளாஸ்க்கில் இருந்த கஞ்சி காலி. கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மணிக்கு மறுபடி அதே நேர்த்தி. அன்று நான் தூங்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்து போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே விரிப்பு இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் கஞ்சி கொடுத்தபின் முதுகில் தட்டுவோமே, அந்தச் சத்தம். தப், தப், தப். நிதானமாக, அவசரமே இல்லாமல்.

போனை அணைத்தேன். சத்தமும் நின்றது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. ஊறல் துணியின் வாடை மட்டும் கூடியிருந்தது.

பயந்து ஓடியிருக்க வேண்டியவள்தான். ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த இரண்டு வேலை நாளும் நான் முன்னறையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலையில் டிக் போட்டேன். வேலை தானாக நடந்தது. இடுப்பு வலிக்காரிக்குப் பேய் என்றால் இப்படி ஒன்று வாய்க்க வேண்டும் என்று எனக்குள் சிரித்துக்கூடக் கொண்டேன். உள்ளே அந்த அம்மா பேச்சும் வராமல், கத்தவும் வழியில்லாமல் அந்தக் கைகளுக்கு நடுவில் கிடந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை உடம்பு துடைக்கும்போதுதான் பார்த்தேன். இடது மேல்கையில் நான்கு நீலத் தடங்கள், விரல் விரலாக. மூக்குத் துவாரத்துக்குள் காய்ந்த கஞ்சி.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கால் கிண்ணம் கொடுக்கவே அரை மணி ஆகும். யாரோ முழுக் கிண்ணத்தையும் கொடுக்கிறார்கள். திமிறினால் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கொடுக்கிறார்கள். மூச்சுக் குழலுக்குள் போனால் நொடியில் முடிந்துவிடும்.

முழுக் கிண்ணம். இந்த வார்த்தையை நான் தினமும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

டைரியை எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டேன். இதுவரை நான் பார்க்காததை அப்போது பார்த்தேன். பார்த்திருக்க வேண்டும், என் தொழிலே அதுதான். காலை ஆறு மணி வரியும் இரவு எட்டு மணி வரியும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். நாள் முழுக்க விட்டுவிட்டு எழுதியது அல்ல. உட்கார்ந்த இடத்தில், ஒரே மூச்சில் எழுதியது. அடியில் பால், செருப்பு, ரேடியோ என்று எழுதியிருந்தது மட்டும் வேறு மையில், வேறு வேளையில். பதினேழாம் தேதிப் பக்கத்தில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்கு அடியில் வேறு மையில், 'காலை ஒன்பதுக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை. திரும்பும்போது மணி ஏழு.'

ஒன்பதிலிருந்து ஏழு வரை இந்த அறையில் யாரும் இல்லை.

மெல்லத் திரும்பினேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," குரலைத் தாழ்த்திக் கேட்டேன், "இதுல எழுதியிருக்கிறதெல்லாம் நீங்க செய்யலையா?"

ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"காலையிலேயே எழுதி வச்சிருவீங்க. ராத்திரி ஐயா பார்ப்பாருன்னு."

ஒரு தடவை.

"இப்ப வர்றது... உங்க அத்தையா?"

அந்தக் கண் மூடியது. வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது நிரம்பியிருந்தது.

டைரிக் கணக்குப்படி எட்டு மாதம் ஒரே பக்கமாகக் கிடந்து, முதுகு அழுகி, தொண்டை வறண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. எப்படித் திருப்பினால் வலிக்காது, எங்கே தலையணை வைத்தால் இதமாக இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தனக்கு நடக்காததையெல்லாம் எழுதியது எழுதியபடி இப்போது நடத்திக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எழுதினதை நம்பினாள். அவ்வளவுதான்.

எனக்கு அந்த அம்மாமேல் ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாக என்மேல் வந்தது.

அன்றிலிருந்து டைரியைப் படிப்பதை நிறுத்தினேன். சார்ட்டில் முன்னால் டிக் போடுவதையும் நிறுத்தினேன். நேரம் தவறாமல் எல்லாவற்றையும் நானே செய்தேன். உண்மையாகச் செய்துவிட்டால் பாக்கி எதுவும் இருக்காது, போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். நான் திருப்பி வைத்த ஐந்தாவது நிமிஷம், மறுபடி திருப்பப்பட்டார். நான் செய்தது என் வேலை. அவளுடைய இரண்டு மணி வேலை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் கஞ்சியே காய்ச்சவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே காலிக் கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம்.

கிணுக். கிணுக்.

ஓடினேன். அந்த அம்மாவின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண் பிதுங்கியிருந்தது. தலையணையை உயர்த்தி, ஒருக்களித்துப் பிடித்து முதுகில் தட்டினேன். வாயோரம் வழிந்தது கஞ்சி. சூடாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கட்டிலை விட்டு நகராமல் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. என் உள்ளங்கைக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் இன்னொரு கை நுழைந்தது. எலும்பும் ஈரமுமாக, சில்லென்று. தள்ளவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக விலக்கியது. குழந்தை கையிலிருந்து எதையாவது வாங்குவோமே, அந்த மாதிரி.

மாலை டீச்சரிடம் கையில் இருந்த தடங்களைக் காட்டினேன். வேறு வழியில்லை.

"சிஸ்டர், இது என்ன?" அவர் முகம் மாறிவிட்டது. "யார் பண்ணினது?"

"நான் இல்ல டீச்சர். பகல்ல யாரோ வர்றாங்க. உங்க... உங்கப்பாவோட அம்மான்னு நினைக்கிறேன்."

அம்மாவின் கையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான் இருக்கறப்ப எதையும் பார்க்கலையே சிஸ்டர். எனக்கு அவங்க முகம்கூட ஞாபகம் இல்ல. ஆனா அம்மா அவங்கள எப்படிப் பார்த்துக்கிட்டாங்கன்னு இன்னிக்கும் சொந்தக்காரங்க எல்லாம் சொல்லுவாங்க. பெத்த பொண்ணுகூட அப்படிப் பார்க்காதாம். அவங்க எதுக்கு அம்மாவைக் கஷ்டப்படுத்தணும்?"

வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

இல்லை. சொல்லாதே.

சொல்லவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

டீச்சர் என்னை நிறுத்தியிருக்கலாம். வேறு ஆள் கிடைக்காததால் நிறுத்தவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்க அவசியமில்லை, இரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுவதால் லேசாகப் பிடித்தாலே தடம் விழும் என்றார். படித்தவர் சொன்னால் நம்பத்தானே தோன்றும். டீச்சர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

செவ்வாய்க்கிழமை, இருபத்துநான்காம் தேதி, டைரியில் இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று புரட்டினேன். இரண்டே இரண்டு. இருபத்தாறாம் தேதியோடு எழுத்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் வருஷம் முடியும்வரை வெறும் தாள்.

இருபத்தாறாம் தேதிப் பக்கமும் மற்றவை மாதிரியே ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. 'இரவு 8: கஞ்சி. முழுவதும் குடித்தார். நன்றாகத் தூங்கினார்.' அதற்கு அடியில், கோணல் மாணலாக:

'காலை ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ப் பார்த்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது. எழுதிவிட்டேனே, இப்போது என்ன செய்வது.'

டைரியை மூடினேன். இன்னும் இரண்டு நாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சார்ட்டில் தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர்தான் அடிக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. என் பேனாவால் இருபத்துநான்காம் பக்கத்தை அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு ஸ்பூன் சத்தம் கேட்டது. எழுதியவர் நான் இல்லையே.

"வியாழக்கிழமை லீவு போட முடியுமா டீச்சர்?" என்று கெஞ்சினேன். பரீட்சை நாள், பதினொரு மணிக்கு முன்னால் வர முடியாது என்றார். அந்த அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வியாழன் காலை எட்டரைக்குக் கிளம்பினார். கேட் கிறீச்சிட்டது.

புதன் முழுக்கக் கொடுத்துப் பார்த்தும் அந்த அம்மாவின் கையில் பேனா நிற்கவில்லை. இன்று கட்டிலின் தலைப் பக்கத்தை உயர்த்தினேன். டைரியின் இருபத்தாறாம் தேதிப் பக்கத்தை மடியில் விரித்து, அவர் இடது கை விரல்களுக்கு நடுவில் பேனாவை வைத்தேன்.

"அம்மா, செய்யலன்னு அடிச்சிருங்க. ஒவ்வொரு வரியா. உங்களால முடியும். நான் தாளைப் பிடிச்சுக்கறேன்."

கண்ணை ஒரு தடவை மூடினார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆறு மணி வரியின் குறுக்கே ஒரு கோடு, புழு ஊர்கிற மாதிரி. முடிய பத்து நிமிஷம். எட்டு மணி வரிக்கு இன்னும் அதிகம். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நகர்ந்த பேனாவை நான் பார்த்ததில்லை. கூடவே நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்று என் விரல்கள் துடித்தன. செய்தால் அது என் கோடு.

பத்து மணி வரியில் பேனா பட்டது.

ஊறல் துணியின் வாடை தலைக்குமேலிருந்து இறங்கியது.

அவர் கை அப்படியே நின்றது. மணிக்கட்டில் தோல் உள்வாங்கியது, நான்கு விரல் அளவுக்கு. அந்த அம்மா கட்டிலின் மறுபக்கத்தை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து வராத குரல், கரகரவென்று வந்தது.

"அத்தை... மன்னிச்..."

பேனா உருண்டு கீழே விழுந்தது. ஒன்பதே முக்கால்.

நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், வாயோடு வாய் வைத்து ஊதிப் பார்த்தேன். பதினோரு வருஷம் கற்றுக்கொண்ட அத்தனையும் செய்தேன். எதுவும் எடுபடவில்லை.

டாக்டர் பதினொன்றுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் அவருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அழுது ஓய்ந்தபின், கட்டிலடியில் கிடந்த டைரியை எடுத்தார். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது அம்மா எழுதினதா?"

"ஆமாம் டீச்சர்."

"அப்போ... பார்த்துக்கவே இல்லையா?"

சொந்தக்காரர்கள் மாலைதான் வந்து சேருவார்கள். இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒருமுறை கிண்ணத்தில் ஸ்பூன் உரசியது. டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு விரிப்பு இழுபட்டது.

மல்லாந்து கிடத்தியிருந்த உடம்பு மெதுவாகப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பியது. தலையணை நகர்ந்து முதுகுக்கு அணையாக நின்றது. குதிகால் உயர்ந்தது.

"யாரு?" டீச்சர் என் கையைப் பற்றினார். "சிஸ்டர், யாரு திருப்பினது? நீங்களா?"

"நான் இல்ல டீச்சர்."

"அம்மா செத்துப்போயிட்டாங்கன்னு சொல்லுங்களேன். அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

யாரிடம் சொல்வது? எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது? நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தப், தப், தப் என்று அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு மணிக்குச் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். உதட்டோரம் வெள்ளையாக வழிந்ததை யாரோ ஒரு பெண்மணி ஒன்றும் கேட்காமல் துடைத்துவிட்டார். ஐந்தரைக்கு எடுத்துப் போனார்கள். ஆறு மணியும் எட்டு மணியும் எங்கே நடந்தன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

அதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது வேறு வீடு, வேறு நோயாளி. செய்த பிறகுதான் டிக் போடுகிறேன். ஏஜென்சியில் மற்றவர்கள் என்னைக் கலெக்டர் என்று கேலி செய்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். பழைய சார்ட்டுகள் எங்கே போயிருக்கும் என்றுதான் அடிக்கடி யோசிக்கிறேன். பதினோரு வருஷத்தில் எத்தனை வீடு, எத்தனை கட்டில். செய்யாமலே போட்ட டிக் எத்தனை என்று எனக்கே தெரியாது. அவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நான் ஒண்டிக்கட்டை. அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப்பின் மல்லாந்து படுத்துத் தூங்கினேன்.

விழித்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதுகுக்கு அணையாக ஏதோ இருந்தது. முழங்கால்களுக்கு நடுவில் சுருட்டிய போர்வை. குதிகால் மெத்தையில் படவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். கை வரவில்லை. கால் வரவில்லை. யாரு என்று கேட்க நாக்குப் புரளவில்லை. எனக்குப் பின்னால் அறை நிறைய ஆட்கள் நிற்கிற மாதிரி மூச்சுச் சத்தம். ஒன்று இழுத்து இழுத்து வந்தது, ஒன்று சளியோடு வந்தது. ஒவ்வொன்றாக எனக்கு அடையாளம் தெரிந்தது.

கண்ணை மட்டும் மூடித் திறந்துகொண்டு கிடந்தேன்.

நான்கு மணிக்கு அவர்களே என்னைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள்.